தாய் பெயர் என்ற கட்டம்

அன்று காலை ஏழரை மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். சமையலும் சாப்பாடும் தையலும் நடக்கிற அறை அது. அடுப்பின் முன்னால் அவள். கதவோரத்து ஸ்டூலில் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டு அவளுடைய கணவன். பஸ் டிப்போவில் மெக்கானிக். ஜன்னலோரத் தையல் மிஷினுக்குப் பின்னால் அவனுடைய அக்கா, அதாவது அவளுக்கு நாத்தனார். அந்தத் தெருவின் கிழிசல் எல்லாம் இவளிடம்தான் வந்து சேரும். கடைசியாக, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தது வாலு. பதினெட்டு வயது ஆக இன்னும் மூன்று வாரம்தான். குழந்தையில் வைத்த அந்தப் பேர் இன்னும் போகவில்லை.

நாத்தனாரின் கையில் ஒரு காகிதம் இருந்தது.

"இது யாரு எழுத்து?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்தாள்.

"அண்ணி, அதைக் குடுங்க. ஆபீஸ் பேப்பர்."

"உன் பையைத் துழாவி எடுக்கல. நீயே மிஷின் மேல வச்சுட்டுப் பால் வாங்கப் போயிட்டே. ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு எழுத்து நல்லாத் தெரியுது. படிச்சேன். கண்ணு தெரியாமலே இருந்திருக்கலாம்!"

"அக்கா, காலங்காத்தால எதுக்கு..." என்றான் மெக்கானிக்.

"நீ கயித்தைக் கட்டுடா. வேற என்ன தெரியும் உனக்கு?" காகிதத்தை நீட்டிப் பிடித்து நாத்தனார் வாசித்தாள். "'மேற்படி மாணவியின் தாய் நான் அல்ல. அவளை நான் தத்தெடுக்கவில்லை. தத்தெடுக்கும் எண்ணமும் எனக்கு இல்லை.' கீழே கையெழுத்து. ஆஹா! முத்து முத்தா எழுதியிருக்கா பாரு!"

வாலுவின் கையிலிருந்த துண்டு நின்றது.

"குடுங்க அத்தை."

வாங்கிப் படித்தாள். சின்னப் பிள்ளை மாதிரி உதடு அசைத்துப் படித்தாள். மறுபடியும் மேலிருந்து ஆரம்பித்தாள்.

"முதல் ரெண்டு வரி சரி. உண்மைதான். இந்த மூணாவது வரி?"

"ஆபீஸ்ல கேட்டாங்க. எழுதித்தான் ஆகணும்."

"கேட்டா எழுதிடுவியா? ரெண்டு மாசம் முன்னாடி இதே மேசையில உக்காந்து எல்லாரும் தத்து மனுவுல கையெழுத்துப் போட்டோமே... நீதான் கோர்ட்ல குடுக்கிறேன்னு வாங்கி வச்சே. இன்னிக்கு, நாளைக்குன்னு இழுத்தே. இதுக்குத்தானா? அந்தப் பேப்பர் எங்கே?"

"இல்ல."

"இல்லன்னா?"

"கிழிச்சுட்டேன்."

மெக்கானிக் ஒரு கால் பூட்ஸோடு எழுந்து நின்றான். நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"பதினஞ்சு வருஷம்! செத்துப் போன என் சின்னத் தம்பி பேரு, இவளுக்கு அப்பான்னு ஒரு காகிதத்துலயாவது இருக்கட்டும்னு நான் அடம் பிடிச்சேன். நீ அழுதே, கெஞ்சினே. கடைசியில போனாப் போகுது, ஆசை தீர எடுத்துக்கோன்னு விட்டுக் குடுத்தேன். இப்ப நீயே கிழிச்சுப் போட்டுட்டு நிக்கிறே! பிள்ளை சின்னதா இருக்கிறவரைக்கும் கொஞ்சுறது... காலேஜ், செலவுன்னு வந்ததும் கையைக் கழுவிட்டு நகர்றது. அப்படித்தானே?"

"ஏன்?" என்றான் மெக்கானிக். அவனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

அவள் பால் வழிந்த இடத்தைத் துடைத்தாள். இரண்டு தடவை துடைத்தாள்.

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு," என்றாள்.

வாலு காகிதத்தை நான்காக மடித்து, அவளுடைய டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சரிங்க, பெரியம்மா."

அந்த வீட்டில் பதினைந்து வருடத்தில் அந்தச் சொல் அன்றுதான் முதல் தடவை கேட்டது. திட்டியிருந்தால் பதில் பேசலாம். இது உறவுமுறைப்படி சரியான சொல்.

*

வாலு இந்த வீட்டுக்கு வந்தபோது இரண்டே முக்கால் வயது. மெக்கானிக்கின் தம்பியும் தம்பி மனைவியும் ஒரே விபத்தில் போனார்கள். குழந்தை மட்டும் அன்று பெரியப்பா வீட்டில் இருந்தது, அதனால் மிஞ்சியது. கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லாத சமயம். அதன் பிறகும் பிறக்கவில்லை. அதைப் பற்றி உட்கார்ந்து அழ அவளுக்கு நேரமும் இருக்கவில்லை.

பெரியப்பா, அத்தை என்று கூப்பிட நாத்தனார்தான் குழந்தையைப் பழக்கினாள். பெரியம்மா என்றும் பழக்கினாள். முதல் இரண்டும் ஒட்டிக்கொண்டன, மூன்றாவது ஒட்டவில்லை. ஒருநாள் தலை வாரிவிடும்போது சீப்பு சிக்கி, "வலிக்குதும்மா!" என்று கத்தியது. அத்தோடு சரி. அப்புறம் யாராலும் அதை மாற்ற முடியவில்லை. அவள் அன்று சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள்.

ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஒரு ஃபார்ம் கொடுத்தார்கள். தந்தை பெயர் என்ற கட்டத்தில் மைத்துனன் பெயரை எழுதினாள், அடைப்புக்குள் காலமானார் என்று போட்டாள். அடுத்த கட்டம், தாய் பெயர். வரிசையில் முன்னாலும் பின்னாலும் தாய்மார்கள். குழந்தை அவள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றது. அவள் தன் பெயரை எழுதினாள்.

அவள் வாழ்க்கையில் ஒரு ஃபார்மில் எழுதிய பொய் அது ஒன்றுதான். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிற்பாடு ஒரு மேல்நிலைப் பள்ளியின் அலுவலகத்தில் அவளுக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. கடைசி வருடப் பிள்ளைகளுக்குக் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பித் தரும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. சம்பளத்தில் சேராத வேலை. மதிய இடைவேளையிலும் மாலை மணி அடித்த பின்னும் நூலகத்தின் கடைசி மேசையில் நடக்கும். ஆறு வருடமாக அங்கே அவளுக்குப் பெயர் ஃபார்ம் அக்கா. வாலுவும் அந்தப் பள்ளியில்தான் படித்தாள். அவளும் நண்பர்கள் முன்னால் கேலிக்கு ஃபார்ம் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

முதலில் பென்சில், அப்புறம்தான் பேனா. எதையும் மறைக்காதே, எதையும் கூட்டிச் சொல்லாதே, தெரியாததைத் தெரியாது என்று எழுது. இதுதான் ஃபார்ம் அக்காவின் சட்டம். மாதிரி விண்ணப்பத்தைச் சுவரில் ஒட்டிவைத்தால், அதிலிருக்கும் கற்பனைப் பெயரையும் கற்பனைப் பிறந்த தேதியையும் சேர்த்துக் காப்பியடித்து வருகிற பிள்ளைகள் வருடத்துக்கு இரண்டு பேராவது உண்டு. தந்தையின் தொழில் என்ற இடத்தில் ஒருத்தி 'சத்தம் போடுவார்' என்று எழுதியிருந்தாள். அவள் சிரிக்காமல் ரப்பரை எடுத்துக் கொடுத்தாள்.

மூன்றரை மாதத்துக்கு முன்னால் நாத்தனாருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. நாற்பது நாள், நேரம் தவறாமல் சொட்டு மருந்து விட்டது வாலு. நாற்பத்தியோராவது நாள் நாத்தனார் எல்லாரையும் மேசைக்குக் கூப்பிட்டு, "அந்தத் தத்து மனுவைக் கொண்டாங்க. இவ ஆசைப்படுறா, அவளும் ஆசைப்படுறா. நடுவுல நான் யாரு?" என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அந்த ஊர்ச் சட்டப்படி பதினெட்டு முடிந்துவிட்டால் தத்தெடுக்க முடியாது. நாள் இருந்தது. மறுநாளே கோர்ட்டுக்குப் போவதாகத்தான் அவளும் இருந்தாள்.

அந்த மறுநாள்தான் உதவித்தொகையின் புதிய விதிப்புத்தகம் பள்ளிக்கு வந்தது.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தாள். ஒன்பதாம் பக்கம். பெற்றோர் இருவரும் இறந்து, யாராலும் தத்தெடுக்கப்படாத மாணவருக்குப் படிப்பு, விடுதி, புத்தகம் அனைத்தும் இலவசம். தத்தெடுக்கப்பட்டவராக இருந்தால், எடுத்த குடும்பத்தின் வருமானம் கணக்கில் வரும். மெக்கானிக் சம்பளத்தையும் எழுத்தர் சம்பளத்தையும் சேர்த்தால் வரம்பைக் கொஞ்சம் தாண்டும். உதவி கேட்க முடியாத அளவுக்குப் பணக்காரர்கள், சொந்தமாகப் படிக்கவைக்க முடியாத அளவுக்கு ஏழைகள். ஃபார்ம் அக்கா இந்த ரகக் குடும்பங்களை நிறையப் பார்த்தவள். அந்தப் பிள்ளைகள் மேசையை விட்டு எழுந்து போகும்போது நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போவார்கள்.

வாலுவுக்குக் கட்டடக்கலை படிக்க வேண்டும். ஐந்து வருடப் படிப்பு. எட்டு வயதிலிருந்தே அத்தையின் அளவு நாடாவை எடுத்து வீட்டை அளந்துகொண்டிருப்பாள். இந்தச் சுவரை அங்கே தள்ளினால் உனக்கு ஒரு ஜன்னல் கிடைக்கும் என்பாள். வேறு எதற்கும் அந்தப் பெண் ஆசைப்பட்டு அவள் பார்த்ததில்லை.

ஒன்பதாம் பக்கத்தைப் பதினோரு தடவை படித்தாள். டப்பாவை மூடினாள். சாப்பிடவில்லை.

வாலுவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் வரைபடப் போட்டிக்காக வெளியூர் கூட்டிப்போக வாலுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வாரம் ஃபார்ம் அக்காவுக்குக் கடும் காய்ச்சல். 'பஸ்ஸை விட்டுட்டேன்' என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் வாலு. அவ்வளவு ஆசைப்பட்டவள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அப்படிப்பட்டவளிடம், காலேஜா அம்மாவா என்று கேட்க முடியுமா? கேட்டு முடிக்கும் முன்பே விண்ணப்பத்தைக் கிழித்திருப்பாள்.

அதனால் மற்றதை அவள் கிழித்தாள். விண்ணப்பம் போனது. ஒரு மாதத்தில் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: விண்ணப்பத்தில் தாய் காலமானார் என்று இருக்கிறது, தொடக்கப்பள்ளிப் பதிவேட்டில் தாய் உயிரோடு இருக்கிறார், விளக்கம் தேவை, உறுதிமொழியோடு மாணவி, வளர்ப்பவர், இரத்த உறவுச் சாட்சி மூவரும் நேரில் வர வேண்டும்.

பன்னிரண்டு வருடம் கழித்து அந்தக் கட்டம் அவளைத் தேடிப் பிடித்துவிட்டது.

*

அன்று மாலை டிப்போ வாசலில் வந்து நின்ற மனைவியை மெக்கானிக் ஓரமாகக் கூட்டிப் போனான். கையெல்லாம் கிரீஸ்.

"என்கிட்டயாவது சொல்லு. ஏன் கிழிச்சே?"

"காரணம் இருக்கு."

"அதைத்தான் கேக்கிறேன்."

"சொன்னா அவகிட்ட உளறிடுவீங்க."

"மாட்டேன்."

"போன வருஷம் அவ பிறந்தநாளுக்கு டிராயிங் போர்டு வாங்கினதை ரகசியமா வைக்கச் சொன்னேன். எத்தனை நிமிஷம் வச்சீங்க?"

அவன் கையைத் துணியில் துடைத்தான். "அது... அவ முகத்தைப் பார்த்தா..."

"அதான். முகத்தைப் பார்த்தா உங்களால முடியாது."

"உன்னால முடியுதா?"

பஸ் ஒன்று உறுமிக்கொண்டு உள்ளே போனது. அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான்.

"நீ தப்பு செய்ய மாட்டே. அது எனக்குத் தெரியும். ஆனா வீட்ல சாப்பாடு இறங்கல," என்றான்.

வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. வாலு மரியாதையாக நடந்துகொண்டாள். 'டீ வச்சுட்டேன், எடுத்துக்கோங்க.' 'நான் வர லேட்டாகும், காத்திருக்க வேணாம்ங்க.' அம்மா என்று கூப்பிட்ட காலமெல்லாம் நீ, வா, போதான். பெரியம்மா ஆனதும் நீங்க. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாள். தலையைத் தானே வாரிக்கொண்டாள். விருந்துக்கு வந்த பெண் மாதிரி தன் துணியை மடித்துத் தன் பக்கத்திலேயே வைத்தாள். ஒருநாள் மாலை அவள் சீப்பை எடுத்துக்கொண்டு வழக்கம்போல ஸ்டூலுக்குப் பின்னால் போய் நின்றாள். வாலு எழுந்து, "பரவாயில்லைங்க," என்று கொண்டையாக முடிந்துகொண்டு போய்விட்டாள். சீப்பு கையிலேயே இருந்தது.

நாத்தனார் மிஷினை மிதித்தபடியே சொன்னாள், "என் கண்ணு நல்லா இருந்தா இப்பவே நானே போய் இவளைத் தத்தெடுப்பேன்."

"இப்பத்தான் கண்ணு நல்லா இருக்குன்னீங்க," என்றான் மெக்கானிக்.

"வாயை மூடு! பேச வேண்டிய நேரத்துல பேசாம..."

பள்ளியில் வேலை நின்றபாடில்லை. விண்ணப்பக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மேசையைச் சுற்றிப் பிள்ளைகள். வாலு அங்கே வருவதில்லை. எதிர்ப்பக்கத்து அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்பாள். புத்தக இடுக்கு வழியாக அவளுடைய காது மட்டும் தெரியும்.

"அக்கா, உடன்பிறந்தோர் எண்ணிக்கைன்னு கேட்டிருக்கு. சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போன அண்ணனையும் எழுதணுமா?" என்றாள் ஒரு பெண்.

"சண்டை போட்டா அண்ணன் இல்லன்னு ஆயிடுமா? எழுது."

"அவன் எங்களை வேணாம்னு சொல்லிட்டான் அக்கா."

"வாயால ஆயிரம் சொல்லுவாங்க. நீ எழுது."

சொன்ன பிறகுதான் அலமாரிப் பக்கம் பார்த்தாள். காது அங்கே இல்லை. நாற்காலி உள்ளே தள்ளியிருந்தது.

*

வியாழக்கிழமை. உதவித்தொகை அலுவலகத்தின் இரண்டாவது மாடி. டோக்கன் எண் முப்பத்தியெட்டு. மூன்று பேரும் சுவரோர நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அவளுக்கும் வாலுவுக்கும் நடுவில் நாத்தனார், மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி. அவள்தான் இரத்த உறவுச் சாட்சி.

"எதுக்கு என்னைக் கூட்டிட்டு வந்தே? உள்ளே போனா நான் உள்ளதைத்தான் சொல்லுவேன்," என்றாள் நாத்தனார்.

"உள்ளதைத்தான் சொல்லணும் அண்ணி."

சரிபார்ப்பு அதிகாரி ஒரு நடுவயதுப் பெண். கண்ணாடி நெற்றியில். கடுமையான ஜலதோஷம்; கைக்குட்டை மேசை மேல், கோப்புக்குப் பக்கத்திலேயே. நாத்தனார் கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க?"

"செத்துப் போனவனோட அக்கா."

அதிகாரி இரண்டு காகிதங்களை அருகருகே வைத்தாள். "இதுல தாய் இறந்துட்டாங்க. இதுல தாய் கையெழுத்துப் போட்டிருக்காங்க. ரெண்டுல ஒண்ணு பொய். எது?"

"பள்ளிக்கூடப் பேப்பர்தாங்க பொய். நான்தான் எழுதினேன்," என்றாள் அவள்.

"நீங்க ஒரு ஸ்கூல் கிளார்க். இதுல போட்டிருக்கே. உங்களுக்கே தெரியாதா?"

"அப்ப நான் கிளார்க் இல்லைங்க. பிள்ளைக்கு அஞ்சு வயசு. வரிசையில எல்லாரும் அம்மாவோட நின்னாங்க... அந்தக் கட்டத்தைக் காலியா விட மனசு வரல."

"மனசு வரலன்னு நான் எழுத முடியாதும்மா." மூக்கைச் சிந்தினாள். "அறியாமையால்னு எழுதிக்கிறேன்."

"எழுதிக்கோங்க."

"தத்து மனு குடுத்திருக்கீங்களா?"

"இல்ல."

"குடுக்கிற எண்ணம்?"

"இல்ல."

வாலு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள்.

"பதினஞ்சு வருஷம் வளர்த்திருக்கீங்க. ஏன் எடுக்கல?"

"கேளுங்கம்மா, நல்லாக் கேளுங்க!" என்றாள் நாத்தனார். "நாங்களும் அதைத்தான் தலையைப் பிச்சுக்கிட்டு கேக்கிறோம். கையெழுத்துப் போட்ட பேப்பரைக் கிழிச்சுப் போட்டவ இவ! ஏன்னு ஒரு வார்த்தை வாயிலேருந்து வரல..."

"எப்ப கிழிச்சாங்க?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

அதிகாரியின் பேனா நின்றது. அவள் ஃபார்ம் அக்காவைப் பார்த்தாள். ஒரே தொழில் செய்கிற இரண்டு பேர் பார்த்துக்கொள்கிற பார்வை.

"ஏன்னு நான் கேட்டிருக்கவே வேண்டாம்," என்றாள் அதிகாரி. "கோர்ட்ல குடுக்காத வரைக்கும் அது வெறும் பேப்பர்தான். குடுத்திருந்தா இந்த ஃபைல் என் மேசைக்கே வந்திருக்காது. தத்துப் பிள்ளைன்னா வளர்க்கிறவங்க ரெண்டு பேர் சம்பளமும் சேரும், வரம்புக்கு மேல போயிடும். சல்லிக்காசு கிடைக்காது. விதி அப்படி."

வாலு திரும்பினாள்.

"எந்த விதி?"

"ஒன்பதாம் பக்கம். புதுசு."

"எப்ப வந்தது?"

"அதுவும் ரெண்டு மாசம்தான்."

வாலு அவளைப் பார்த்தாள். அந்தப் பத்து நாளில் முதல் தடவையாக நேராக முகத்தைப் பார்த்தாள். கண்ணில் ஒவ்வொன்றாக இடம் மாறுவது தெரிந்தது: கிழித்த பேப்பர், மூன்றாவது வரி, பேசாத வாய். வாலுவின் உதடு பிரிந்தது.

"அம்..."

மேசைக்கு அடியில் ஃபார்ம் அக்காவின் கை வாலுவின் முழங்காலை இறுக்கிப் பிடித்தது. வலிக்கும்படி பிடித்தது. இத்தனையும் செய்து முடித்த பிறகு, இந்த ஒரு சொல்லில் எல்லாம் போய்விடும். சொல்லாதே.

"இப்ப நீ சொல்லணும்மா," என்றாள் அதிகாரி. "உன் வாயால சொல்லணும், நான் எழுதணும். உனக்கும் இவங்க சொல்றதுக்கும் வித்தியாசம் இருந்தா ஃபைல் திரும்பிப் போயிடும், இந்த வருஷம் அவ்வளவுதான். இவங்க உனக்கு யாரு? உன் அம்மாவா?"

நாத்தனார் இப்போதுதான் புரிந்துகொண்டாள். கைப்பை மடியிலிருந்து சரிந்து விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

வாலு முழங்கால் மேலிருந்த கையைப் பிடித்தாள். விரல்களுக்குள் விரல்களைக் கோத்தாள்.

"இல்ல," என்றாள்.

"சத்தமாச் சொல்லும்மா. சளி, காது அடைச்சிருக்கு. முழுசாச் சொல்லு."

"இவங்க..." கோத்த விரல்களை இறுக்கினாள். "இவங்க என் அம்மா இல்ல!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி தலையைக் குனிந்து எழுதினாள். நிறைய நேரம் எழுதினாள், அவ்வளவு எழுத அங்கே ஒன்றும் இல்லை. அப்புறம் முத்திரையை எடுத்துக் குத்தினாள்.

"போயிட்டு வாங்க. ஒப்புதல் வந்துடும்," என்றாள். பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள். அது ஜலதோஷம்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

*

முதல் மாடிக்கும் தரைக்கும் நடுவில், படிக்கட்டு திரும்புகிற இடத்தில் வாலு நின்றுவிட்டாள். அப்படியே அவள்மேல் விழுந்து கட்டிக்கொண்டாள். கோப்புகளோடு ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒதுங்கிப் போனார்கள்.

"ஏன்மா சொல்லல... என்கிட்ட ஏன்மா சொல்லல? பத்து நாளா உன்னை நீங்க நாங்கன்னு... நீ சீப்பை வச்சுக்கிட்டு நின்னியே, அப்பவாவது என்னை ஒரு அறை அறைஞ்சிருக்கக் கூடாதா?"

"அறைஞ்சா அழுவே. அழுதா நான் உளறிடுவேன்."

"எனக்கு காலேஜே வேணாம்மா! சத்தியமா வேணாம். இன்னும் பதினோரு நாள் இருக்கு. வா, புதுசா எழுதி இன்னிக்கே கோர்ட்ல குடுத்துடலாம். அத்தை, நீங்க கையெழுத்துப் போடுவீங்கல்ல?"

"முடியாது," என்றாள் ஃபார்ம் அக்கா.

"ஏன்?"

"எண்ணம் இல்லன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கேன். அந்த வரியை எழுதுறதுக்கு முன்னாடியே பேப்பரைக் கிழிச்சேன், எழுதும்போது அது உண்மையா இருக்கணும்னு. ஒரு தடவை ஆசையில பொய் எழுதினேன், அதுக்கே பன்னிரண்டு வருஷம் கழிச்சு வந்து நிக்க வேண்டியதாப் போச்சு. மறுபடி எழுத மாட்டேன்டி."

"உனக்கு ஆசை இல்லையா?"

அவள் வாலுவின் முகத்திலிருந்து முடியை ஒதுக்கினாள். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. அதை வாரிவிட இரண்டு கையும் பரபரத்தது.

"இருக்கு," என்றாள். "அது எந்தக் கட்டத்துலயும் அடங்காது. நீ படி."

நாத்தனார் நான்கு படி மேலே நின்றுகொண்டிருந்தாள். யாரோ எடுத்துக் கொடுத்த கைப்பை கையில். நாற்பது வருடமாக யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவள். இரண்டு படி இறங்கினாள். நின்றாள். புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"என் தம்பி பேரை நீ அழிக்கப் பார்க்கிறேன்னு பதினஞ்சு வருஷம் உன்னைப் பேசினேன்..." என்றாள். "இப்ப உன் பேரை நீயே அழிச்சுட்டு நிக்கிறியே. என்னடி பொம்பளை நீ?"

"அண்ணி..."

"பேசாதே. பேசினா நானும் அழுவேன். டாக்டர் கண்ணுல தண்ணி படக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்." சொல்லிக்கொண்டே அழுதாள். டாக்டர் சொன்னதெல்லாம் போயிற்று.

வீட்டுக்கு வந்து நாத்தனார்தான் எல்லாவற்றையும் தம்பியிடம் சொன்னாள். மெக்கானிக் கேட்டுவிட்டு வெளியே போய், வாசல் படியில் உட்கார்ந்து, காரணமில்லாமல் பூட்ஸைக் கழற்றினான். மறுபடி மாட்டினான்.

பதினோரு நாளும் போயின. பன்னிரண்டாம் நாள் காலையில் எழுந்தபோது வாலுவுக்கு வயது பதினெட்டு. ஃபார்ம் அக்கா வழக்கம்போலப் பள்ளிக்குப் போய், வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குப் பென்சில் சீவிக் கொடுத்தாள்.

*

கல்லூரி திறந்தது ஒரு திங்கட்கிழமை. விடுதியில் ஞாயிறு மாலைக்குள் சேர வேண்டும். டிப்போவில் மெக்கானிக்குக் கட்டாய ஷிப்ட். நாத்தனாரால் அவ்வளவு தூரம் பஸ்ஸில் முடியாது. நான்கு தலையணை உறை தைத்துக் கொடுத்தனுப்பினாள். அவளும் வாலுவும் மட்டும் போனார்கள். ஆறு மணி நேரப் பயணம். வாலு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, போகிற வழியில் இருந்த கட்டடங்களையெல்லாம் குறை சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அந்தப் படிக்கட்டைப் பாரும்மா. எவன் போட்டது? ஏறினா மூச்சு வாங்கும்."

"நீ வந்து மாத்து."

"மாத்துவேன். பாரு."

விடுதி மூன்று மாடிக் கட்டடம். வாசலில் இரும்புக் கதவு. உள்ளே மேசை போட்டு வார்டன் உட்கார்ந்திருந்தாள். பெட்டிகளோடும் பக்கெட்டுகளோடும் தாய்மார்களும் தகப்பன்மார்களும் படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மேலே எங்கோ ஒரு தாய் கட்டிலைத் தட்டிப் பார்த்து, 'கம்பி தளர்ந்திருக்கு!' என்று சத்தம் போடுவது கேட்டது.

"தாய் தந்தை மட்டும்தான் ரூம் வரைக்கும் போகலாம்," என்றாள் வார்டன். "மத்தவங்க இங்கேயே. ஆறு மணிக்குப் பூட்டிடுவோம்." பட்டியலில் விரலை ஓட்டினாள். விரல் நின்றது. முகம் மென்மையாயிற்று. "ஓ... பெற்றோர் இல்லாத பிள்ளையா? நீங்க யாரும்மா?"

வாலு வாயைத் திறந்தாள்.

"வளர்த்தவ," என்றாள் அவள், முந்திக்கொண்டு.

"மன்னிச்சுக்கோங்க. விதி."

"தெரியும்மா. பரவாயில்ல."

விதிகள் அவளுக்குப் புதிதல்ல. பெட்டியைக் கீழே வைத்தாள். வாலு இரண்டு நடையாகச் சாமான்களை மேலே கொண்டுபோனாள். ஒவ்வொரு தடவையும் ஓடியே இறங்கி வந்தாள். கட்டில் ஜன்னலோரம் என்றாள். கம்பி தளரவில்லை என்றாள். அலமாரியை அளந்து பார்த்தாளாம், தலையணை உறைகூட உள்ளே போகாதாம். அவள் கேட்டுக்கொண்டே அந்த அறையை மனதில் போட்டுப் பார்த்தாள். ஜன்னல் எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கே விழும், தலை வைத்துப் படுத்தால் என்ன தெரியும். ஐந்து வருடமும் அவள் பார்க்கப்போவதில்லை.

"கடைசிப் பை," என்றாள்.

வாலு பையை வாங்கித் தோளில் மாட்டினாள். ஆறுக்கு ஐந்து நிமிடம். மற்ற தாய்மார்கள் படியிறங்கி வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கட்டிக்கொண்டார்கள். எவ்வளவு இறுகக் கட்டிக்கொண்டாலும் விட வேண்டியிருந்தது, விட்டார்கள்.

"போ. சாப்பாடு நேரத்தைக் கேட்டு வச்சுக்கோ. வேளைக்குச் சாப்பிடு."

வாலு உள்ளே போனாள். வார்டன் மேசையைத் தாண்டினாள். படியில் நான்கு ஏறினாள். அங்கே நின்று, கூடம் முழுக்கத் தாய்மார்களும் பெண்களும் நிற்க, தொண்டை கிழியக் கத்தினாள்:

"அம்மா! பார்த்துப் போம்மா! வீட்டுக்குப் போனதும் போன் பண்ணும்மா!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வார்டன் பட்டியலைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், பட்டியலை மூடி வைத்தாள்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மாடித் திருப்பத்தில் பை மறைந்தது. வார்டன் எழுந்து வந்து இரும்புக் கதவைச் சாத்தினாள், சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.